எதில் தலை வைத்துப் படுக்கிறீர்கள்? இறகு ஒவ்வாமை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 43. ஸ்காட்லாந்துக்காரர், சிகரெட் பழக்கம் இல்லாதவர். அசதியும் மூச்சு வாங்கலுமாக மூன்று மாதம் ஓடிய பிறகு நுரையீரல் நிபுணர்களிடம் வந்து சேர்ந்தார். அதற்கு முன் பார்த்த குடும்ப மருத்துவர், நெஞ்சில் கிருமித்தொற்று என்று நினைத்தார். அப்படி நினைத்ததில் தப்பில்லை. இந்தத் தொல்லைகளோடு வருகிற பலருக்கு அதுதான் இருக்கும். முதலில் கொஞ்சம் தேறினார், அப்புறம் முன்னைவிட மோசமானார். சில நிமிடங்களுக்கு மேல் நின்றாலோ நடந்தாலோ மயங்கி விழுந்துவிடுவோமோ என்று பயப்படும் நிலை. வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தார். ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே இரண்டிலும் ஒன்றும் பிடிபடவில்லை.

அவருடைய படுக்கையறை மாடியில் இருந்தது. இரவு படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் ஆகும் என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு படி ஏறுவார், உட்காருவார். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் இன்னும் இரண்டு படி.

நான் நுரையீரல் மருத்துவம் பார்க்கிறவன். எத்தனையோ நிகழ்வு அறிக்கைகளைப் படித்து மறந்திருக்கிறேன். இந்தப் படிக்கட்டு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அரை மணி நேரம் சிரமப்பட்டு ஏறி அவர் போய்ச் சேர்ந்த அந்தக் கட்டிலில்தான் அவரை நோயாளியாக்கிய பொருள் கிடந்தது.

நிபுணர்கள் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். வீட்டில் பூஞ்சை இருக்கிறதா? குளியலறையில் கொஞ்சம் இருக்கிறது. செல்லப் பிராணி? ஒரு நாய், ஒரு பூனை. பறவை? கிடையாது. இந்தக் ‘கிடையாது’ வந்ததும் பலர் பறவை பற்றிய பேச்சை அத்தோடு விட்டிருப்பார்கள். அவரைப் பார்த்த அபர்டீன் நகர மருத்துவர்கள் விடவில்லை. பிறகு தொலைபேசியில் இன்னும் துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. செயற்கைப் பஞ்சு வைத்த பழைய படுக்கைச் சாமான்களை மாற்றிவிட்டு, இறகு அடைத்த போர்வையும் தலையணைகளும் வாங்கியிருக்கிறார். உடம்பு படுத்தத் தொடங்கியது அவை வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில்.

ரத்தத்தில் பறவைப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் (அந்நியப் பொருளை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதங்கள்) இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். இருந்தன. போர்வையும் தலையணைகளும் வீட்டை விட்டு வெளியேறின. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வேகமாகத் தேறினார். 2019 நவம்பரில் இந்த நிகழ்வு ‘பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்’ மருத்துவ இதழில் வந்தது. அறிக்கைக்கு அவர்கள் வைத்த தலைப்பு ‘இறகுப் போர்வை நுரையீரல்’. தெளிவான காரணம் இல்லாமல் மூச்சு வாங்குகிறவர்களிடம் படுக்கையைப் பற்றியும் கேளுங்கள் என்று மற்ற மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அதைப் படித்த வாரத்திலிருந்து நானும் கேட்கிறேன். ‘எதில் தலை வைத்துப் படுக்கிறீர்கள்?’ என்றால் சிலர் விநோதமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இரண்டு வேறு நோய்கள்

‘எனக்கு இறகு ஒத்துக்காது’ என்று ஒருவர் சொன்னால் அதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் போவதால்தான் பலர் வருஷக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள்.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த ஒவ்வாமை. தலையணையை உதறிய சில நிமிடங்களில் தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு. சிலருக்கு வீசிங் வரும். ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் செய்யும் வேலை இது. மூக்கும் மூச்சுக்குழாய்களும்தான் களம். ஒவ்வாமை மாத்திரை, மூக்கு ஸ்ப்ரே, இன்ஹேலர் இவற்றுக்குக் கட்டுப்படும்.

இரண்டாவது, அந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு வந்தது. மிகையுணர்வு நுரையீரல் அழற்சி என்று தமிழில் சொல்லலாம். இறகிலிருந்தும் எச்சத்திலிருந்தும் கிளம்பும் மிக நுண்ணிய தூசி மூச்சுக்குழாயைத் தாண்டி, காற்று நுண்ணறைகள் வரை போய்விடும். ஆக்சிஜன் ரத்தத்துக்குள் நுழையும் இடமே அதுதான். அங்கே ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருள்களும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களும் சேர்ந்து அழற்சியை உண்டாக்குகின்றன. தும்மல் வராது, கண் அரிக்காது. அதிகத் தூசி ஒரே நேரத்தில் உள்ளே போனால் நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், இருமல், உடம்பு வலி வரும். ஃப்ளூ என்று நினைத்துவிடுவோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனால் மூச்சு வாங்கலும் எடைக் குறைவும் வறட்டு இருமலும்தான் மிஞ்சும். இன்ஹேலரால் பெரிய பலன் இருக்காது. காரணத்தை விலக்காமல் நாட்களைக் கடத்தினால் நுரையீரல் நார்போல் இறுகிவிடலாம். இறுகிய பகுதி திரும்ப மிருதுவாகாது.

படுக்கையில் இருக்கும் இறகைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்பது இதிலிருந்தே புரியும். புறாக்கூண்டைச் சுத்தம் செய்த அன்று மாலை காய்ச்சல் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். தினமும் எட்டு மணி நேரம் முகத்தோடு ஒட்டிக் கிடக்கும் பொருள் மேல் யாருக்கு வரும்? நல்ல நாள், கெட்ட நாள் என்ற வித்தியாசமே தெரியாது. ஒரே ஒரு தடயம் கிடைக்கலாம்: ஊருக்குப் போய் வேறு வீட்டில் சில நாள் படுத்தபோது உடம்பு லேசாக இருந்ததா, திரும்பி வந்ததும் பழையபடி ஆகிவிட்டதா? இதை நோயாளியோ வீட்டில் உள்ளவர்களோதான் கவனித்துச் சொல்ல முடியும்.

எதிர்ப்பொருள் பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. அது பாசிட்டிவ் என்று வந்தால் பறவைப் புரதம் உடம்புக்கு அறிமுகமாகியிருக்கிறது என்று பொருள். நோய் இருக்கிறது என்று அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. புறா வளர்ப்பவர்கள் பலருக்கு ஒரு தொல்லையும் இல்லாமலே அது பாசிட்டிவாக இருக்கும். சிடி ஸ்கேன், நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, கேட்டறிந்த வரலாறு எல்லாம் சேர்ந்துதான் படம் முழுமையாகும்.

பெரியப்பாவின் தோள்

புறா வளர்ப்பவர்களுக்கு வரும் இந்த நோயை 1965இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். அதற்குப் பல வருஷம் கழித்து வடசென்னையில் என் பெரியப்பா மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்த்தார். காலையில் கம்பும் சோளமும் தூவிவிட்டு இறங்கி வரும்போது அவர் சட்டையின் தோளில் மாவு கொட்டியதுபோல வெள்ளையாக ஒரு பொடி படிந்திருக்கும். பெரியம்மா அதைத் தட்டிவிட்டுத்தான் காபி கொடுப்பார். தட்டும்போது ஜன்னல் வெயிலில் அது மிதப்பதைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அது புறா இறகின் பொடி. இறகு நனையாமல் இருக்கப் புறாவின் உடம்பிலேயே உண்டாகும் மெழுகுத்தன்மையுள்ள தூள். ஒரு மைக்ரான் அளவு நுண்துகள்கள். நுண்ணறை வரை போவதற்கு ஏற்ற அளவு. காக்கட்டூ, காக்கட்டீல், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஆகிய கிளி வகைகளிடமும் இந்தப் பொடி அதிகம்.

பெரியப்பாவுக்குப் பல வருஷம் ஆஸ்துமா என்றே வைத்தியம் நடந்தது. பார்த்த மருத்துவர்களில் ஒருவர்கூட மாடியில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. வீட்டில் நாங்களும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தெரியாது. அவருடைய நோய் இதுதான் என்று இப்போது என்னால் நிரூபிக்க முடியாது. சிடி ஸ்கேன்கூட எடுத்ததில்லை. ஆனால் அந்த ஸ்காட்லாந்து அறிக்கையைப் படித்த இரவு, கேட்டிருந்தால் பெரியப்பா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாரோ என்று நினைத்து வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

நம் நாட்டில் இது அபூர்வ நோயும் இல்லை. நுரையீரலின் திசுக்களைப் பாதிக்கும் நோய்கள் குறித்து இந்தியாவில் 19 நகரங்களில் 27 மருத்துவமனைகள் சேர்ந்து 1,084 நோயாளிகளைப் பதிவு செய்தன. 2017இல் முடிவு வெளியானது. அதில் 47.3 சதவீதம் பேருக்கு இந்த மிகையுணர்வு அழற்சிதான். ஏர் கூலர், பூஞ்சை, பறவை என்று காரணங்கள் பல. மும்பையில் 2025இல், புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூதர்கானாவை மூடியபோது எழுந்த சண்டை நினைவிருக்கும். புறாவுக்குத் தீனி போடுவது பலருக்குப் புண்ணியம். அந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனாலும் நுரையீரல் நோய் உள்ளவர் குடியிருக்கும் அடுக்ககத்தின் பால்கனியில் அதைச் செய்யக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தலையணையைத் தூக்கிப் போடும் முன்

இறகுத் தலையணையில் படுத்தால் தும்மல் வருகிறது, ஆகவே இறகு ஒவ்வாமை என்று பலர் தாங்களே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி வீட்டுத் தூசியில் வாழும் மைட் பூச்சி. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. இறகைவிடச் செயற்கைப் பஞ்சு பாதுகாப்பானது என்று நெடுநாளாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். 1996இல் நியூசிலாந்தில் தலையணைகளை எடுத்து அளந்து பார்த்தபோது, செயற்கைத் தலையணைகளில்தான் மைட் ஒவ்வாமைப் பொருள் அதிகமாக இருந்தது. இறகு வெளியே வராமல் இருக்க இறகுத் தலையணையின் உறையை நெருக்கமாக நெய்கிறார்கள். பூச்சிக்கும் உள்ளே போக வழி குறைவு. நம் இலவம் பஞ்சுத் தலையணையையும் அப்படியே நம்பிவிட முடியாது. இறகு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல மாற்று, ஆனால் பத்து வருஷம் வெயில் காட்டாமல் கிடந்தால் பஞ்சு பொடிந்து தூசி மூட்டையாகிவிடும்.

அதனால் தும்மல்காரர்கள் முதலில் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்துகொண்டு இறகா, மைட்டா என்று தெரிந்துகொள்வது நல்லது. மைட் என்றால் நெருக்கமாக நெய்த தடுப்பு உறை, வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் விரிப்புகளைத் துவைப்பது, அறையில் ஈரப்பதத்தைக் குறைப்பது இவையே பெரும் உதவி.

நுரையீரல் அழற்சிக்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. உறை மாட்டிச் சமாளிக்கலாம், துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பதெல்லாம் அவர்களிடம் செல்லாது. இறகு வீட்டை விட்டுப் போக வேண்டும். கணவனுக்கு நோய் என்றால் மனைவியின் தலையணையும் சேர்ந்து போக வேண்டும், கட்டில் ஒன்றுதானே.

வீடு முழுக்க ஒரு தேடல்

தூவி என்று நம்மிடம் அழகான சொல் இருக்கிறது. பறவையின் நெஞ்சில் இறகுக்கு அடியில் இருக்கும் மென்மையான பஞ்சு. அன்னத்தின் தூவி அடைத்த அணை, அதாவது மெத்தை, நம் பழைய இலக்கியத்திலேயே உண்டு. இன்று அது வாத்துத் தூவியாகக் கடைக்கு வருகிறது, ‘டவுன்’ என்ற பெயரில். லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ முதல் குளிர்காலத்தில் போய் இறங்கும் நம் பிள்ளைகள் போர்வையும் ஜாக்கெட்டும் வாங்கும்போது அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பலருக்குத் தெரிவதில்லை. ஓரத்தில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் ‘டவுன்’, ‘ஃபெதர்’, ‘கூஸ்’, ‘டக்’ இவற்றில் எது இருந்தாலும் உள்ளே இறகு. ‘டவுன் ஆல்டர்நேட்டிவ்’ என்று இருந்தால் பயம் வேண்டாம், அது செயற்கைப் பஞ்சு. பாதியை மட்டும் படித்துவிட்டு நல்ல பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

சோபா மெத்தையில் அந்தத் துணிச்சீட்டு கிழிந்து போயிருக்கும். அப்போது கையால்தான் பார்க்க வேண்டும். மூலையை இரண்டு விரலால் அழுத்தி மெல்ல உருட்டுங்கள். செயற்கைப் பஞ்சு வழுவழுவென்று ஒதுங்கிக் கொடுக்கும். இறகாக இருந்தால் மெல்லிய காம்பு ஒன்று விரலில் நெருடும்; பழைய மெத்தையாக இருந்தால் துணியைக் குத்திக்கொண்டு ஊசி முனைபோல வெளியே எட்டிப் பார்க்கும். தும்மல்காரர்கள் இதை மூக்கு மூடிச் செய்யலாம். அழற்சி உள்ளவர்கள் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

பொருள் போனதும் தூசி போய்விடாது. வீட்டில் வளர்த்த பறவையை அகற்றி 18 மாதம் ஆன பிறகும் அதன் புரதம் வீட்டுத் தூசியில் இருந்தது ஆய்வில் தெரிய வந்திருக்கிறது. ஆகவே துடைப்பம் எடுத்துப் பெருக்கிக் காற்றில் கிளப்பாமல் ஈரத்துணியால் சுவர், அலமாரி, மின்விசிறி இறக்கை எல்லாம் துடைக்க வேண்டும். திரைச்சீலையைத் துவைக்க வேண்டும். பால்கனியிலும் ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னாலும் புறா எச்சம் இருந்தால் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, என்95 முகக்கவசம் போட்ட வேறொருவர் வழித்தெடுக்கட்டும். அப்புறம் வலை அடித்துவிடுங்கள். இந்த வேலை முடியும்வரை நோயாளி வேறு வீட்டில் இருப்பது உத்தமம்.

வெளியூர் விடுதிகளில் அறை பதிவு செய்யும்போதே இறகு இல்லாத தலையணையும் போர்வையும் வேண்டும் என்று சொல்லிவிடலாம். பெரிய விடுதிகள் பலவற்றில் இது வழக்கமான கோரிக்கைதான். இரவு பதினோரு மணிக்குப் போய் இறங்கிய பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

பூப்பந்தைப் பற்றி அப்பா அம்மாக்கள் கேட்பதுண்டு. போட்டியில் ஆடும் இறகுப் பந்தில் 16 இறகுகள். தும்மல் மட்டும் உள்ள குழந்தையின் விளையாட்டை இதற்காக நிறுத்துவது அநியாயம் என்பது என் கருத்து. நைலான் பந்துக்கு மாறினால் போதும். இறகுப் பந்துதான் வேண்டும் என்ற நிலையில் ஆடுகிற பிள்ளை என்றால், மருந்தோடு எப்படித் தொடரலாம் என்று மருத்துவரிடம் பேசுங்கள். அழற்சி வந்து தேறியவர் நைலானோடு நின்றுகொள்வது நல்லது.

மயிலிறகு விஷயத்தில் நமக்கு மனம் இளகிவிடும். குட்டி போடும் என்று பாடப்புத்தகத்துக்குள் வைத்து வளர்த்தவர்கள் நாம். காவடியில் கட்டுகிறோம், தர்காவில் மயிலிறகுக் கட்டால் தலையில் தடவி ஓதுகிறார்கள். பூஜையறையில் நிற்கும் நாலு இறகால் பெரிய ஆபத்து வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் தூசி பிடித்துக் கட்டில் தலைமாட்டில் தொங்கும் மயிலிறகு விசிறியை எடுத்துவிடச் சொல்வேன். மனம் வராதவர்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு மூடிவிடலாம்.

கோழிப்பண்ணையிலும் கறிக்கடையிலும் வேலை செய்பவர்களின் நிலை வேறு. நாமக்கல், பல்லடம் பக்கம் அதுதான் சோறு. வேலையை விடு என்று வாயால் சொல்வது சுலபம். முகக்கவசம், வேலைத் துணியைப் பண்ணையிலேயே கழற்றிவிட்டு வீட்டுக்கு வருவது, தூசி குறைந்த பகுதிக்கு மாற்றிக் கேட்பது என்று படிப்படியாகத்தான் போக முடியும். நுரையீரல் இறுக ஆரம்பித்திருந்தால் மட்டும் இந்த நடுவழிகள் போதாது, அதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

முட்டையும் தடுப்பூசியும்

பறவையோடு நெடுநாள் பழகியவர்கள் சிலருக்கு, பெரும்பாலும் வளர்ந்த பிறகு, முட்டை ஒத்துக்கொள்ளாமல் போகும். இறகுத் தூசியில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் மஞ்சள் கருவிலும் இருப்பதுதான் காரணம். ஆஃப்பாயில் சாப்பிட்டால் வாய் அரிக்கும், உதடு வீங்கும். நன்றாக வெந்த முட்டையில் பலருக்குத் தொல்லை குறைவு, ஏனென்றால் சூட்டில் அந்தப் புரதம் ஓரளவு சிதைந்துவிடும். இப்படி இருப்பவர்கள் ஆப்பிரிக்கப் பயணத்துக்காகக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடப் போகும்போது அதை அங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தத் தடுப்பூசி கோழிமுட்டைக்குள் வளரும் குஞ்சுக் கருவில் வளர்த்துத் தயாரிப்பது.

நாட்பட்ட இருமலோ மூச்சு வாங்கலோ இருந்து மருத்துவரிடம் போகிறீர்கள் என்றால் போனில் சில படங்கள் எடுத்துக்கொண்டு போங்கள். பால்கனி, ஏர் கூலர், ஏசி பெட்டியின் பின்பக்கம், குளியலறைச் சுவர், கூண்டில் பறவை இருந்தால் அது. அப்படியே உங்கள் தலையணையையும் போர்வையையும் திருப்பி, ஓரத்தில் தைத்திருக்கும் அந்தச் சின்னத் துணிச்சீட்டை எழுத்து தெரியும்படி ஒரு படம். எங்களில் யாராவது கேட்க மறந்தால் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.